அரிட்டாபட்டிச் சிவனும் பாதிரிக்குடியார் காவலும்

பிரதோஷம் என்றால் மதுரைக் கோயில்களில் நிற்க இடம் கிடைக்காது. நெரிசல் இல்லாத சிவனாகப் பார்ப்போம் என்று மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டிக்குப் போனோம்.

கழிஞ்சமலையைக் குடைந்த சின்னக் கோயில். முற்காலப் பாண்டியர் பணி. லிங்கத்தையும் அதே பாறையிலேயே செதுக்கியிருக்கிறார்கள். வாசலில் துவாரபாலகர்கள், வெளியே ஒரு பக்கம் பிள்ளையார், மறுபக்கம் இலகுலீசர். பாசுபதம் என்ற பழைய சைவப் பிரிவின் ஆதிகுரு, சிவனின் அவதாரம் என்றே கும்பிடப்படுகிறவர். தமிழ்நாட்டில் அவரைக் காண்பது அபூர்வம். கையில் தண்டத்தோடு அமர்ந்திருக்கிறார். அவர் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டேன்.

எண்ணெய் ஊற்ற வந்த அப்பத்தா, "சாமி கும்பிட்டாச்சுல்ல தம்பி, அந்தப் பக்கம் சமணரையும் பார்த்துட்டுப் போங்க" என்றார். சைவம், சமணம் என்ற பாகுபாடெல்லாம் நமக்குத்தான் போல!

அங்கே குகை நெற்றியில் இரண்டாயிரம் ஆண்டுக்கும் பழைய தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துகள். அருகே பாறையில் சமணர் வணங்கும் தீர்த்தங்கரர், கீழே வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் ஒரு கல்வெட்டு. அச்சணந்தி என்ற சமணத் துறவி செய்வித்த திருமேனி, பாதிரிக்குடியார் காக்க வேண்டியது என்கிறது அது. சிலையைச் செய்த கையோடு காவலை ஊராரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது இங்கேதான்.

அந்தக் காவல் இன்னும் தொடர்கிறது என்றுதான் சொல்வேன். முன்பு கிரானைட் குவாரி வரப் பார்த்தபோதும் ஊர் விடவில்லை. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாயின. ஆனாலும் 2024இல் இந்த வட்டாரமே டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் வந்து நின்றது. கிராமசபைகளில் தீர்மானம், சட்டமன்றத்திலும் தீர்மானம், அப்புறம் 2025 ஜனவரி 7 அன்று மதுரை வரை பேரணி. அதே மாதம் 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மலை போனால் குகையும் போகும், சுனையும் கண்மாயும் போகும் என்று ஊராருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையிருக்கவில்லை. அரசு அறிவிப்பு வேண்டியதுதான். ஆனால் வெயிலில் நடந்தது அவர்கள்.

போகிறவர்கள் விளக்குக்கு எண்ணெயும் குடிக்கத் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். பைனாகுலர் இருந்தால் அதுவும். லகர் வல்லூறு என்ற வேட்டைப்பறவை வாழும் மலை இது.