மணி அடிக்கும் முன் ஆளைப் பிடி: ‘டெட்லைன்’ நாட்குறிப்பு

நவம்பர் 10, திங்கள், வேளச்சேரி

மழை விட்டபாடில்லை. எடுத்திருப்பது இன்ஃபோகாம் நிறுவனம் 1982-ல் வெளியிட்ட ‘டெட்லைன்’ என்ற துப்பறியும் கணினி ஆட்டம். நாம்தான் துப்பறிவாளர், ஆங்கிலத்தில் கட்டளை அடித்து ஆட வேண்டும். படமில்லை, முழுக்க எழுத்து. பூட்டிய நூலகத்தில் செத்துக் கிடக்கிறார் பணக்காரர் மார்ஷல் ராப்னர். மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கித் தற்கொலை என்கிறார்கள். அதை உடைக்க ஆட்டத்துக்குள் காலை 8 முதல் இரவு 8 வரை, பன்னிரண்டு மணி நேரம்தான்.

இந்த மாதிரிப் பழைய எழுத்து ஆட்டங்களை ஓட்டும் ‘ஃப்ராட்ஸ்’ என்ற மென்பொருளைப் போட்டால் லேப்டாப்பில் ஓடும். ஆரம்பித்ததும் ‘ஸ்கிரிப்ட்’ கட்டளை கொடுத்துவிட வேண்டும். திரையில் வருவதெல்லாம் கோப்பில் சேரும். யார் எப்போது என்ன சொன்னார் என்று பிறகு தேட இதுதான் கை கொடுக்கும். கரன்ட் போகலாம், அடிக்கடி சேவ்.

நவம்பர் 11, செவ்வாய்

பழைய இன்ஃபோகாம் ஆட்டங்கள் ஒரு ஆங்கிலச் சொல்லின் முதல் ஆறு எழுத்தைத்தான் பார்க்கும். ‘ஃபிங்கர்பிரின்ட்’ என்று முழுதாக அடிக்க வேண்டாம், ‘ஃபிங்கர்’ போதும்.

விசாரணைக்கு ‘ஆஸ்க் இன்னார் அபவுட் இன்னது’. ஏன், எப்படி என்றெல்லாம் கேட்டால் விழிக்கும். அதனால் பெயர்ச்சொல்லைத் தேடு: ஆள், உயில், ரோஜா. ஒருவர் வாயிலிருந்து புதிதாக விழும் பெயரை மற்ற எல்லோரிடமும் கேட்டுப் பார்க்கணும்.

நூலகத்தில் வெறும் தாளாகத் தெரியும் குறிப்பேட்டை எக்ஸாமின் செய்தால் மட்டும் பற்றாது, பென்சிலால் தேய். மேல் தாளில் அழுத்தி எழுதியது அடியில் பதிந்திருக்கும்.

நவம்பர் 13, வியாழன்

புதிரே கடிகாரம்தான். பொதுவாக ஒரு கட்டளைக்கு ஒரு நிமிடம் போகும். ஆட்கள் நமக்காகக் காத்திருப்பதில்லை. நாம் ஸ்டாப்புக்கு வந்தாலும் வராவிட்டாலும் 21ஜி கிளம்பிவிடுகிற மாதிரி அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். உயில் வாசிப்பது நண்பகல் 12-க்கு. அந்த நேரத்தில் தோட்டத்தில் நின்றால் அது நாம் இல்லாமலே நடந்துவிடும்.

நோட்டில் கட்டம் போடு: மேலே திருமதி ராப்னர், மகன் ஜார்ஜ், தொழில் கூட்டாளி பாக்ஸ்டர், செயலாளர் டன்பார், தோட்டக்காரர் மெக்னாப், வீட்டைக் கவனிக்கும் ரூர்க், பக்கவாட்டில் அரை மணிக்கு ஒரு வரி. ஒரு ஆட்டம் முழுக்க ஒரே ஆள் பின்னால் போய் வரிசையை நிரப்பு. வழக்கு தோற்றால் தோற்கட்டும், அட்டவணை மிஞ்சும்.

தோட்டக்காரர் மெக்னாப்பிடம் ரோஜாவைப் பற்றிக் கேட்டால் புலம்புவார், செடிக்கு நடுவே குழிகளாம். அவரையே காட்டச் சொல்லணும், தனியாகப் போனால் இடம் பிடிபடாது. அங்கே மண்ணைக் கிளறு. ஒரு தரம் கிடைக்காவிட்டால் மறுபடி கிளறு. பலர் முதல் பதிலோடு திரும்பிவிடுகிறார்கள். கிடைத்ததை நம் உதவியாளர் சார்ஜென்ட் டஃபியிடம் கொடுத்தால் சோதனைச்சாலைக்குப் போய்வர நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் சும்மா ‘வெயிட்’ போடாமல் அடுத்த ஆளை விசாரி.

நவம்பர் 16, ஞாயிறு

ஆதாரம் கையில் இருந்தால் மட்டும் ஆகாது, உரியவரிடம் காட்டணும். சிலர் முகம் மாறி வெளியே நழுவுவார்கள். ஒட்டிக்கொண்டே போனால் எதையும் செய்ய மாட்டார்கள். கொஞ்சம் தள்ளி நில்.

கைதுக்கு முன் சேவ். நோக்கம், வழி, வாய்ப்பு மூன்றில் ஒன்று ஆட்டம் கண்டாலும் குற்றவாளி கோர்ட்டில் தப்பிவிடுவார், எது குறைந்தது என்பது முடிவுரையில் தெரிந்துவிடும். சந்தேகப்படும் ஆளைக் கைது செய்து, அதைப் படித்து, ரீஸ்டோர் போட்டுத் திரும்புவதை அழுகுணி ஆட்டம் என்பார்கள். இருக்கட்டும். சேவ் பெயரில் நேரத்தைச் சேர்த்துவிட்டால் (‘1145 நூலகம்’) எங்கே திரும்புவது என்று தடவ வேண்டாம்.