எண்ணெய் வடிக்கும் வால்வ்

ஐஸ் கம்பனியில் என்ன பெரிய இரசாயன ஆபத்து என்று கேட்பவர்கள் உண்டு. கிழக்கிலங்கையின் கல்முனைக் கரையோரத்தில் மீனுக்கு ஐஸ் கட்டும் இடங்களில் குளிரூட்டுவதற்காகக் குழாய்க்குள் ஓடுவது அமோனியா. சாதாரண அமுக்கத்தில் -33 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். காற்றில் மில்லியனுக்கு 300 பங்கு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அதற்கு வெகு முன்பே மூக்கு சொல்லிவிடும்தான். ஆனால் அங்கேயே வேலை செய்து பழகிய மூக்கு கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

அப்படியொரு கம்பனிக்கு ஆபத்து மதிப்பீட்டுக்குப் போயிருந்தோம். 1960களில் பிரித்தானியாவின் ஐசிஐ நிறுவனத்தில் உருவான ஹசோப் முறைதான் கையில். வரைபடத்தில் ஒவ்வொரு குழாயாக விரல் வைத்து, ஓட்டம் நின்றால் என்ன, கூடினால் என்ன, எதிர்த்திசையில் திரும்பினால் என்ன என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். நல்ல முறைதான். ஆனால் உள்ளே சேரும் எண்ணெயை வடிக்கும் வால்வ் வரைபடத்தில் மூடியபடி கிடக்கிறது. ஓட்டம் இல்லாத இடத்தில் கேள்வியும் எழுவதில்லை. பழைய மதிப்பீட்டுத் தாளில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அண்ணன் என்ற முறையில் எல்லோரும் காக்கா என்று அழைக்கும் மூத்த ஒப்பரேட்டரிடம் கேட்டேன்: "காக்கா, நீங்க பயந்து செய்யிற வேலை எது?"

"ஒயில் எடுக்கிறதுதான் தம்பி. வராது, வராது, புறகு ஒரேயடியா வரும்."

கம்பிரசரிலிருந்து தப்பிப் போகும் எண்ணெய், திரவ அமோனியாவை விடப் பாரமானது. அடியில் தங்கி, குளிரில் தேனாய்த் தடித்து வால்வின் வாயை அடைக்கும். வரவில்லையே என்று வால்வை இன்னும் திறப்பார்கள். அடைப்பு விட்டதும் பின்னாலேயே அமோனியா சீறும். மூட வேண்டிய கை முகத்தைப் பொத்தப் போய்விடும். கையை எடுத்தால் தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வால்வ் ஒன்றைக் கூடவே பொருத்துவதுதான் இதற்கு வழி. பெரிய செலவுமில்லை.

காற்றைப் பற்றித்தான் கூடுதலாக வாக்குவாதம். தரையிலிருந்து வீசும் கச்சான் காற்று அடித்தால் எல்லாம் கடலுக்குப் போய்விடும் என்றார் முகாமையாளர். மாரியில் கடல் பக்கமிருந்து வாடைக்காற்று அடிக்கும்போது? மதிலுக்கு மேற்கே வரிசையாக வீடுகள். அமோனியா இலேசு, மேலே போய்விடும் என்ற நம்பிக்கை வேறு. திரவமாகச் சீறினால் அது குளிர்ந்த வெண்முகிலாகி நிலத்தோடு தவழும்.

ஸ்பிரிங் வால்வுக்கு ஒப்புக்கொண்டார்கள். துணைக்கு இன்னொருவர் வேண்டும் என்றதற்கு, இரவில் ஆளில்லை என்றார்கள். எண்ணெய் எடுப்பதைப் பகலுக்கு மாற்றும்படி எழுதிக்கொடுத்தேன். அடுத்த மதிப்பீட்டுக் குழுவில் காக்காவின் பெயரையும் சேர்த்தேன்.