ஜோகோவிச் கதையை நான் முடித்து வைத்த நாள்

"ஜோகோவிச் அவ்வளவுதான். இனி ஒரு கிராண்ட்ஸ்லாம்கூட வாங்கமாட்டார்."

டென்னிஸ் ஆட்டக்காரர்களைப் பற்றி நானும் அண்ணனும் எழுதிவைக்கும் நோட்டில் இருக்கிறது இது, என் கையெழுத்துதான். 2018 ஜூன், நீல மை, கீழே என் கையொப்பம். பிரெஞ்சு ஓபன் காலிறுதியில் செக்கினாட்டோவிடம் அவர் தோற்ற அன்று எழுதியது. செக்கினாட்டோ அப்போது தரவரிசையில் 72-ஆவது ஆள். ஜோகோவிச்சுக்கு முழங்கை அறுவை சிகிச்சை முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தோற்ற கையோடு, புல்தரையில் ஆடுவேனா என்றே தெரியவில்லை என்கிற தொனியில் வேறு பேசிவிட்டுப் போனார். முகத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும் என்று இன்றும் சாதிப்பேன். ஆனால் எழுதியது எழுதியதுதான். ஆறு வாரம் முடிவதற்குள் விம்பிள்டன் கோப்பை அவர் கையில். கிராண்ட்ஸ்லாம் என்றால் ஆஸ்திரேலிய ஓபன், பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், யுஎஸ் ஓபன் என்று வருடத்தின் நான்கு பெரிய போட்டிகள். அன்றைக்கு அவரிடம் இருந்தது அப்படி 12 பட்டங்கள். அதற்கப்புறம் இன்னொரு 12 வாங்கினார். சரிபாதியில் நின்றுகொண்டிருந்த மனிதருக்கு நான் முற்றுப்புள்ளி வைத்திருக்கிறேன்.

இந்த நோட்டு எனக்கும் என் அண்ணனுக்கும் பொது. 2009 யுஎஸ் ஓபன் இறுதிப் போட்டியில் டெல் போட்ரோ ஃபெடரரை வீழ்த்திய மறுநாள் தொடங்கியது. "இவர் இனிமேல் தேறமாட்டார்", "இவர் திரும்பி வருவார்" என்று யார் என்ன சொன்னாலும் வாயால் சொன்னால் போதாது, எழுத வேண்டும். பேனாவால். அடித்தல் திருத்தல் கிடையாது. சொன்னது பொய்த்தால் அதே பக்கத்தின் அடியில் "தவறு" என்று சொந்தக் கையால் எழுத வேண்டும். பணப் பந்தயம் எதுவும் இல்லை. அந்த ஒரு சொல்லை எழுதுவதே போதுமான தண்டனை. அண்ணன் கல்யாணமாகித் தனியே போன பிறகு, நோட்டு ஆறு மாதம் அவனிடம், ஆறு மாதம் என்னிடம்.

அவன் நடால் பக்தன். நான் டெல் போட்ரோ கட்சி. இதைச் சொல்லாமல் மேலே போனால் எங்கள் தீர்ப்புகள் எதுவும் புரியாது.

நோட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த பக்கம் 2016 ஜூலை. அண்ணன் எழுதியது. அந்த வருடத் தொடக்கத்தில் மகள்களைக் குளிப்பாட்டத் தொட்டியில் தண்ணீர் திறந்துவிடப் போன ஃபெடரருக்கு முழங்காலில் சவ்வு கிழிந்து, அறுவை சிகிச்சை நடந்திருந்தது. ஜூலையில் விம்பிள்டன் அரையிறுதியில் ராவ்னிச்சிடம் ஆடும்போது தரையில் குப்புற விழுந்தார், தோற்றார், மிச்ச வருடம் முழுக்க ஆடவில்லை. அண்ணன் நிதானமாக எழுதினான்: "34 வயது. முழங்கால் போச்சு. மரியாதையாக ஓய்வு பெறலாம்." ஆறு மாதம் கழித்து மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓபன் இறுதிப் போட்டி, எதிரே நடால், ஐந்தாவது செட்டில் ஃபெடரர் 1-3 என்று பின்தங்கியிருந்தார். அங்கிருந்து ஐந்து கேம்களைத் தொடர்ச்சியாக எடுத்தார். அண்ணனுக்கு இரட்டை அடி: அவன் சொன்ன சோதிடமும் பொய், அவன் ஆளும் தோற்றுப் போனார். அந்த "தவறு" எழுதும்போது பேனா முனை தாளைக் கிழித்திருக்கிறது. இப்போதும் தடவிப் பார்க்கலாம்.

இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட பக்கம் ஒன்றே ஒன்றுதான். ஆண்டி மர்ரே, 2019 ஜனவரி. ஆஸ்திரேலிய ஓபனுக்கு முன்னால் பத்திரிகையாளர்கள் நடுவே உட்கார்ந்து அழுதார். காலுறை மாட்டுவதற்கே இடுப்பு வலிக்கிறது என்றார். முதல் சுற்றில் ஐந்து செட் ஆடித் தோற்றதும், அரங்கத்திலேயே மற்ற ஆட்டக்காரர்கள் பேசிய வழியனுப்புப் படம் ஓடியது. உயிரோடு இருக்கும்போதே இரங்கல் கூட்டம் மாதிரி. நாங்களும் கனத்த மனதோடு "முடிந்தது" என்று எழுதிக் கையெழுத்திட்டோம். அந்த மாதமே இடுப்பு மூட்டில் உலோகத்தைப் பொருத்திக்கொண்டார். ஜூனில் லண்டன் குயின்ஸ் போட்டியில் இரட்டையர் பட்டம், அக்டோபரில் ஆண்ட்வெர்ப்பில் வாவ்ரிங்காவைத் தோற்கடித்து ஒற்றையர் பட்டம்.

சரி, இப்போது "தவறு" எழுத வேண்டுமா வேண்டாமா? இந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. "ஆண்ட்வெர்ப்பெல்லாம் கணக்கில்லை. அதற்கப்புறம் எந்த கிராண்ட்ஸ்லாமிலாவது மூன்றாவது சுற்றைத் தாண்டினாரா? நாம் சொன்னது சரிதான்" என்பது அண்ணன் கட்சி. நான் 2023 மெல்போர்னைக் காட்டுகிறேன். கொக்கினாகிஸுக்கு எதிராக இரண்டு செட் பின்தங்கி, 5 மணி 45 நிமிடம் ஆடி, விடிகாலை நான்கு மணிக்கு மேல் ஜெயித்தார். உலோக இடுப்போடு. அவரைப் போய் "முடிந்தவர்" என்றால் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்? பக்கத்தின் அடிப்பகுதி இன்னும் காலியாகக் கிடக்கிறது.

யோசித்துப் பார்த்தால், பதினைந்து வருடத்துக்கு மேலாக நாங்கள் இரண்டு வெவ்வேறு விஷயங்களைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். அண்ணனுக்குக் கோப்பை வாங்காவிட்டால் முடிந்தது. எனக்கோ, ஓர் ஆட்டக்காரர் தன் ஆட்டத்தை விட்டுவிட்டு வேறு யாருடைய ஆட்டத்தையோ ஆடத் தொடங்கும் நாள்தான் முடிவு. அதனால்தான் எனக்கு முழங்காலைவிட மணிக்கட்டைப் பற்றிப் பயம் அதிகம்.

இதில் சொந்த அனுபவமும் கலந்திருக்கிறது. சில வருடங்களுக்கு முன் வலது மணிக்கட்டில், சுண்டுவிரல் பக்கமாக, எனக்கு ஒரு வலி வந்தது. வீக்கம் கிடையாது, வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. துணி பிழியும்போதும் சாவியைத் திருப்பும்போதும் மட்டும் ஊசி குத்தும். சரியாகிவிட்டது. ஆனால் இன்றுவரை பூட்டை இடது கையால்தான் திறக்கிறேன். வலி போன பிறகும் கை அதை மறக்கவில்லை.

அதனால் 2021 ஜூனில் மயோர்க்காவில் டொமினிக் தீம் ஒரு ஃபோர்ஹேண்ட் (உள்ளங்கைப் பக்கத்து அடி) அடித்துவிட்டு வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டபோது, பிறகு அதே சுண்டுவிரல் பக்கம்தான் என்று செய்தி வந்தபோது, எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அண்ணன் "ஆறு மாதத்தில் பழைய தீம்" என்று எழுதினான். நான் "பழைய தீம் வரமாட்டார்" என்று எழுதினேன். இன்றைய ஃபோர்ஹேண்டில் மட்டை கடைசி நேரத்தில் கீழேயிருந்து மேலே பந்தைச் சீவிக்கொண்டு போகிறது. அந்தச் சீவலின் பாரம் முழுக்க மணிக்கட்டில் இறங்கும். அங்கே துளி பயம் இருந்தாலும் கை தானாக வேகத்தைக் குறைத்துவிடும், மனசு என்ன சொன்னாலும். தீம் முழு பலத்தோடு சுழற்றி அடித்தே வாழ்ந்தவர். 2020 யுஎஸ் ஓபன் இறுதியில் இரண்டு செட் பின்னால் இருந்து மீண்டு வந்தவர். அடிபட்ட பிறகு தரவரிசையில் 300-க்கு வெளியே போனார், மறுபடி முதல் நூற்றுக்குள்ளும் வந்தார், ஆனால் அந்த அடியின் கனம் திரும்பவேயில்லை. 31 வயதில் மட்டையை வைத்துவிட்டார். நோட்டில் நான் ஜெயித்த பக்கம் அது. ஜெயித்த சந்தோஷம் மட்டும் இல்லை.

சானியா மிர்சாவும் எனக்குச் சாட்சி. அவருடைய பலமே ஃபோர்ஹேண்ட். 2007-இல் ஒற்றையரில் 27-ஆம் இடம் வரை போனார், 2008-இல் மணிக்கட்டில் அறுவை சிகிச்சை. பிறகு ஒற்றையரையே விட்டுவிட்டு இரட்டையரில் 2015-இல் உலகின் முதல் இடத்தைப் பிடித்தார். பெரிய சாதனைதான், ஆனால் வேறு ஆட்டம். இதற்கு எதிர்ப்பக்கம் போபண்ணா. முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்துபோன நிலையில் யோகாசனத்தைப் பிடித்துக்கொண்டு, 43 வயதில் ஆஸ்திரேலிய ஓபன் இரட்டையர் பட்டமும் முதல் இடமும் வாங்கினார். தாமஸ் மஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1989-இல் மியாமி அரையிறுதியில் ஜெயித்த சில மணி நேரத்தில், குடித்துவிட்டு ஓட்டியவனின் கார் மோதி முழங்கால் தசைநார்கள் அறுந்தன. அவர் தனக்கென்றே செய்யப்பட்ட நாற்காலியில் உட்கார்ந்தபடியே பந்தடித்துப் பழகி, ஆறு வருடம் கழித்து பிரெஞ்சு ஓபனை வென்றார். கால் போனவர்கள் திரும்பி வருகிறார்கள். இதுதான் என் கோட்பாடு.

"உன் கோட்பாட்டை உன் ஆளே உடைத்துவிட்டாரேம்மா" என்பான் அண்ணன். அவனுடைய பிரம்மாஸ்திரம் அது. டெல் போட்ரோவுக்கு வலது மணிக்கட்டில் ஒன்று, இடதில் மூன்று, ஆக நான்கு அறுவை சிகிச்சைகள். வலது கை ஆட்டக்காரருக்கு இரு கை பேக்ஹேண்டில் (புறங்கைப் பக்கத்து அடி) பாதிக்கு மேல் வேலை செய்வது இடது கை. அது போனதால் 2016-இல் பேக்ஹேண்டுக்குப் பதிலாகப் பந்தை ஒற்றைக் கையால் கீழ்நோக்கிச் சீவி, அதாவது ஸ்லைஸ் செய்து செய்தே ஓட்டினார். அந்த அரைகுறை ஆட்டத்தோடு ரியோ ஒலிம்பிக்கில் முதல் சுற்றிலேயே ஜோகோவிச்சை அழவிட்டார், அரையிறுதியில் நடாலைச் சாய்த்தார், வெள்ளி வாங்கினார். (அன்று அண்ணன் என்னோடு பேசவில்லை.) மெல்ல மெல்லப் பழைய பேக்ஹேண்டும் திரும்பி வந்து, 2018-இல் உலகின் மூன்றாம் இடம். அந்த அக்டோபரில் ஷாங்காயில் விழுந்து முழங்கால் சில்லு உடைந்தது. 2019 ஜூனில் குயின்ஸில் மறுபடி அதே சில்லு உடைந்தது. 2022 பிப்ரவரியில் புவனோஸ் ஐரிஸில் கடைசியாக ஓர் ஆட்டம் ஆடி, தலையில் கட்டியிருந்த பட்டையைக் கழற்றி வலையில் தொங்கவிட்டுவிட்டுப் போனார். மணிக்கட்டு அவரை முடிக்கவில்லை. முழங்கால்தான் முடித்தது. இதற்கு என்னிடம் பதில் கிடையாது.

அண்ணனையும் சும்மா விடுவதற்கில்லை. 2025 ஆஸ்திரேலிய ஓபன் அரையிறுதியில் முதல் செட் தோற்றவுடன் ஜோகோவிச் ஸ்வெரெவுக்குக் கைகொடுத்துவிட்டு வெளியேறினாரே, அப்போது அரங்கத்தில் சிலர் கூச்சல் போட்டார்கள். அண்ணன் வீட்டிலிருந்தே போட்டான். 2023-இல் தொடைத் தசை கிழிந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே கோப்பை வாங்கியவர்தானே, இதுவும் நாடகம் என்றான். மறுநாள் ஜோகோவிச் தன் ஸ்கேன் படத்தையே இணையத்தில் போட்டார். அண்ணன் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, "கிழிசல் எங்கேயும் தெரியலையே" என்றான். அவன் கணக்கு எழுதுகிறவன்.

ஃபார்ம் பற்றி ஒரு பக்கம் மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதைப் பற்றி நாங்கள் எழுதிய மற்றதெல்லாம் வெறும் சத்தம். 2025 பிரெஞ்சு ஓபன் இறுதியில் இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை என்கிற சாம்பியன்ஷிப் பாயின்ட் மூன்று கையிலிருந்தும், 5 மணி 29 நிமிடத்துக்குப் பிறகு சின்னர் அல்கராஸிடம் தோற்றார். "மனசு உடைஞ்சிருச்சு, தேற ஒரு வருஷம் ஆகும்" என்று அண்ணன் எழுதினான். ஐந்தே வாரத்தில் விம்பிள்டன் இறுதியில் அதே அல்கராஸை சின்னர் தோற்கடித்தார். நான் நோட்டை நீட்டினேன். அண்ணன், "டிமிட்ரோவை மறந்துட்டியா?" என்றான். நியாயமான கேள்வி. நான்காவது சுற்றில் சின்னர் இரண்டு செட் தோற்றுக்கொண்டிருந்தார். மூன்றாவது செட் 2-2 என்றிருக்கும்போது டிமிட்ரோவின் மார்புத் தசை பிடுங்கிக்கொண்டது. தொடர்ச்சியாக ஐந்தாவது கிராண்ட்ஸ்லாமில் பாதியில் விலகினார் அந்த மனிதர். சின்னர் மனசு தேறியதா, டிமிட்ரோவ் உடம்பு உடைந்ததா, கோப்பையைப் பார்த்து எப்படிச் சொல்வது? கடைசியில் அண்ணன் "தவறு, ஆனால் டிமிட்ரோவின் மார்பினால்" என்று எழுதினான். "ஆனால்" சேர்ப்பது விதிமீறல்தான். விட்டுவிட்டேன்.

நோட்டில் ஒரு வெற்றுப் பக்கமும் உண்டு. 2024 மே. நீண்ட நாள் காயத்தால் விலகியிருந்தவர்களுக்கு, அடிபட்டபோது இருந்த இடத்தை ஒட்டி ஒரு பாதுகாக்கப்பட்ட தரவரிசை கொடுப்பார்கள். அது போட்டிக்குள் நுழைய உதவும், அவ்வளவுதான். பெரிய ஆட்டக்காரர்கள் ஆரம்பத்திலேயே மோதிக்கொள்ளாமல் பிரித்துவைக்கும் முன்னணி வரிசையில் இடம் கிடைக்காது. அதனால் 14 முறை வென்ற பிரெஞ்சு ஓபனில் முதல் சுற்றிலேயே நடாலுக்கு எதிரே ஸ்வெரெவ். அண்ணன் பக்கத்தின் மேலே தேதியையும் நடால் பெயரையும் எழுதியிருக்கிறான். கீழே ஒன்றும் இல்லை. அதற்கு முன், 2021-இல் அந்தப் பழைய பாதக் கோளாறால் நடால் பாதி வருடம் விலகியபோது "முடிந்தது" என்று எழுதிவிட்டு, 2022-இல் ஆஸ்திரேலியாவையும் பிரான்ஸையும் அவர் அடுத்தடுத்து வென்றதும் "தவறு" எழுதியவள் நான். அதனால் இந்த வெற்றுப் பக்கத்தைப் பற்றி நான் கேட்கவில்லை.

நோட்டு இப்போது அவன் முறை. 2025 அக்டோபரில் ஸ்டாக்ஹோமில் ஹோல்கர் ரூனேவின் அக்கிலீஸ் தசைநார் (குதிகாலுக்கு மேலே இருப்பது) அறுந்தபோது, "22 வயசுதான், கால்தான், திரும்பி வந்து கிராண்ட்ஸ்லாமே வாங்குவார். என் பேரில் எழுதிக்கோ" என்று போனில் சொன்னேன். அவன் தன் கட்சியை எழுதிப் படம் எடுத்து அனுப்பினான்: "வருவார். ஆனால் முதல் பத்துக்குள் இனி இல்லை." எழுத்து ஏதோ மங்கலாகத் தெரிந்தது. வெளிச்சம் போதவில்லை என்று நினைத்துப் படத்தைப் பெரிதாக்கினேன்.

பென்சில்.

உடனே போன் போட்டேன். மணி அடிக்கிறது, எடுக்கமாட்டேன் என்கிறான்.