‘எந்த ஊரு?’ என்று கேட்பதற்கு முன்: சிங்கப்பூர் அலுவலகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

சிங்கப்பூரில் வேலைக்குச் சேரும் தமிழ்நாட்டுக்காரர், அலுவலகத்தில் இன்னொரு தமிழ் முகத்தைக் கண்டதும் ‘நீங்க எந்த ஊரு?’ என்று கேட்பார். ‘தோ பாயோ’ என்று சிங்கப்பூரின் ஒரு வட்டாரப் பெயர் பதிலாக வரும். ‘அது சரி, சொந்த ஊரு?’ என்று அடுத்த கேள்வி. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. எதிரே இருப்பவரின் தாத்தாவே சிங்கப்பூரில் பிறந்தவராக இருக்கலாம். பள்ளியில் தமிழைத் தாய்மொழிப் பாடமாகப் படித்து, இரண்டாண்டு தேசிய சேவையை (கட்டாயப் படைப்பணி) முடித்தவர் அவர். ‘நீ இந்த நாட்டுக்காரன் இல்லையே’ என்றுதான் அந்தக் கேள்வி அவர் காதில் விழும். நம் ஊரில் சாதியைத் துழாவவும் இதே கேள்வியைக் கேட்பார்கள் என்பதும் பலருக்குத் தெரியும். ‘எந்தப் பக்கம் குடியிருக்கீங்க?’ என்று கேட்டால் போதும், பேச்சு வளரும்.

சீனரிடமும் மலாய்க்காரரிடமும் பார்த்துப் பார்த்து நடப்பவர்கள், தம்மைப் போலவே தோன்றுபவரிடம்தான் அதிகம் பிசகுகிறார்கள். அரசு வகுத்திருக்கும் பிரிவுகளும் இதற்கு ஒரு காரணம். சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்று நான்கு பிரிவுகள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சேர்ந்த தொகையில் சீனர் 74.3, மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9 விழுக்காடு. அந்த ‘இந்தியர்’ என்ற கட்டத்துக்குள் தமிழர், மலையாளி, பஞ்சாபி, சிந்தி, இலங்கை வம்சாவளியினர் எல்லோரும் அடக்கம். தமிழ் வேர் கொண்டு, இந்துக்களாகவே இருந்து, வீட்டில் மலாய் பேசும் மலாக்கா செட்டிகளும் அதற்குள்தான் வருகிறார்கள். கலப்புமணப் பெற்றோரின் பிள்ளைகள் 2011 முதல் இரண்டு இனங்களையும் சேர்த்துப் பதிந்துகொள்ள முடிகிறது. ஆக, முகத்தைப் பார்த்து மொழியையோ மதத்தையோ ஊகிக்கக் கூடாது. தமிழில் பேசலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குவதே மரியாதை.

இனம் வேறு, நாட்டுரிமை வேறு. இது உங்கள் வேலை அனுமதியிலேயே எண்ணாக நிற்கிறது. எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 2023 செப்டம்பர் முதல் ‘காம்பஸ்’ என்ற புள்ளிமுறை நடப்பில் இருக்கிறது. தேற 40 புள்ளி வேண்டும். அதில் ஓர் அளவுகோல், நிறுவனத்தின் நிபுணர், மேலாளர் நிலை ஊழியர்களில் உங்கள் நாட்டவர் எத்தனை பேர் என்பது. 5 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் 20 புள்ளி, 5 முதல் 25க்குள் 10 புள்ளி, 25ஐ எட்டிவிட்டால் ஒன்றும் கிடையாது. அத்தகைய ஊழியர்கள் 25 பேருக்கும் குறைவான நிறுவனங்களுக்குத் தானாகவே 10 புள்ளி. உள்ளூர்த் தமிழர் இந்தக் கணக்கில் சிங்கப்பூரர். இந்தியக் குடிமகன் மட்டுமே இந்தியர். ஒரு குழு முழுக்க ஒரே நாட்டிலிருந்து ஆள் எடுத்தால் மேலாளர் முகம் சுளிப்பதற்கும், உள்ளூர்த் தமிழரே அதைக் கண்டு சங்கடப்படுவதற்கும் பின்னணி இது.

வாடகை வீடு தேடும்போதும் நாட்டுரிமை குறுக்கே வரும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடி வீட்டை முழுதாக வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விடுவதற்கு வட்டாரத்தில் 8, புளோக்கில் 11 விழுக்காடு என்ற வரம்பு உண்டு. மலேசியர்களுக்கு அது பொருந்தாது. ‘லைட் குக்கிங்’ என்று விளம்பரத்தில் இருந்தால் நூடுல்ஸ், முட்டை அளவோடு சரி. தாளிப்பும் மீன் குழம்பும் உண்டா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தை ஒரு வாரத்தில் பழகிவிடலாம், ஆனால் நுணுக்கம் நிறைய. உணவங்காடி நிலையத்தில் தட்டைத் திருப்பி வைப்பது கட்டாயம். ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு இருக்கும். பன்றி இறைச்சி சாப்பிட்ட தட்டை அதில் வைத்துவிடக் கூடாது. அலுவலக விருந்துக்கு வாங்கும்போது ‘பன்றி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை’ என்ற அறிவிப்பை ஹலால் என்று எடுத்துக்கொள்வது வழக்கமாக நடக்கும் தவறு. முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) தரும் ஹலால் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். கேக்கில் ஜெலட்டினும் ரம்மும் ஒளிந்திருக்கும். மாட்டிறைச்சி வேண்டாம் என்பவர் இந்துவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. குவான் யின் தெய்வத்தை வணங்கும் சீனர்கள் பலரும் அதைத் தொடுவதில்லை. காய்கறி உணவு கேட்கும் சீனர் பூண்டு, வெங்காயத்தையும் விலக்குபவராக இருக்கலாம். ‘என்னென்ன சாப்பிட மாட்டீர்கள்?’ என்று எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்டு எழுதிவைத்துக்கொண்டால் யாரையும் தனியாகச் சுட்ட வேண்டியதில்லை.

கூட்டத்தில் இரண்டு தமிழர் தமிழுக்குத் தாவினால் மற்ற ஆறு பேர் வெளியே தள்ளப்படுகிறார்கள். தமிழ் இங்கே ஆட்சிமொழி, அது நமக்குப் பெருமைதான். ஆனாலும் அலுவலக மேசையில் ஆங்கிலம்தான் எல்லோருக்கும் பொது. மாண்டரினில் பேச்சு ஓடினால், ‘ஆங்கிலத்தில் சொல்லுங்களேன், எனக்கும் புரியட்டும்’ என்று இயல்பாகக் கேட்கலாம்; பெரும்பாலும் உடனே மாற்றிக்கொள்வார்கள். நாம் அதே ஒழுங்கைக் காப்பாற்றினால்தான் இப்படிக் கேட்க உரிமை உண்டு.

பெயர்களைப் பொறுத்தவரை, சீனப் பெயரில் குடும்பப்பெயர் முன்னால் வரும்: டான் வெய் மிங் என்றால் ‘டான்’ குடும்பம், ‘வெய் மிங்’ அவர். மலாய்ப் பெயரில் ‘பின்’, ‘பிந்தி’க்குப் பின்னால் இருப்பது தந்தை பெயர், அதைச் சொல்லி அழைத்தால் அவருடைய அப்பாவைக் கூப்பிட்டதாகிவிடும். நம் முதலெழுத்துக்கும் இதே கதிதான். கடவுச்சீட்டில் தந்தை பெயர் குடும்பப்பெயராக அச்சாகியிருந்தால், மின்னஞ்சல் கணக்கு திறக்கும் முன்பே உங்களை அழைக்கும் பெயர் எது என்று மனிதவளப் பிரிவில் சொல்லிவிடுங்கள்.

நாட்காட்டிதான் கடைசியில் உறவைச் சோதிக்கும். வெள்ளிக்கிழமை 12:30 முதல் 2:30 வரை கூட்டம் வைக்காதீர்கள், தொழுகை நேரம். ரமலானில் நோன்பு திறப்பது மாலை 7 மணியை ஒட்டி. நோன்பிருப்பவர்களை 6 மணிக்குள் வேலை முடித்து அனுப்பிவிட வேண்டும். சீனப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் விடுமுறை. வீட்டுக்கு அழைத்தால் ஆரஞ்சு இரண்டை இரு கைகளாலும் கொடுங்கள். தீபாவளிக்கு ஒரு நாள். தைப்பூசம் 1968லேயே பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து நீங்கிவிட்டது, பொங்கல் அதில் இல்லை. இரண்டுக்கும் சொந்த விடுப்புதான். அதனால் சீனப் புத்தாண்டு வாரத்தில் அவசர வேலைப்பொறுப்பை நீங்களாக முன்வந்து ஏற்றுக்கொள்ளுங்கள்; நோன்புப் பெருநாளுக்கும் அப்படியே. தீபாவளிக்கு ஊருக்குப் போக நான்கு நாள் விடுப்பு கேட்கும்போது, உங்கள் வேலையைப் பார்த்துக்கொள்ள அவர்கள் இருப்பார்கள்.