மேசன் என்றால் கொத்தனார்

2011இல் அமெரிக்காவில் ஆண் குழந்தைகளுக்கு அதிகம் வைத்த பெயர்களில் இரண்டாவது இடம் மேசனுக்கு. கொத்தனார் என்று அர்த்தம்! கார்ட்டர் வண்டிக்காரர், கூப்பர் மரப்பீப்பாய் செய்பவர். தொழிலால் வந்த ஆங்கிலக் குடும்பப் பெயர்கள், இப்போது தொட்டிலுக்கு வந்துவிட்டன.

எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. அங்கே தென்மாநிலங்களில் அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரையே பிள்ளைக்கு முதல் பெயராக வைக்கும் பழக்கம் நெடுநாளாக உண்டு. கல்யாணத்தோடு அவள் விட்டுவந்த பெயர், பிள்ளையைக் கூப்பிடும்போதெல்லாம் வீட்டுக்குள் கேட்கிறது. அமெரிக்க அதிபராக இருந்த ஜான் ஃபிட்ஜெரால்டு கென்னடிக்கு அது நடுப்பெயரானது: அவர் அம்மா ரோஸ் ஃபிட்ஜெரால்டு.

நம் பக்கம் இனிஷியலில் பெரும்பாலும் அப்பா மட்டும்தான். அம்மாவின் எழுத்தையும் சேர்த்துப் போடுகிறவர்களைப் பார்த்தால் அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. எங்கள் மகளுக்கும் அப்படித்தான் போட்டிருக்கிறோம்.