கால்சட்டையில் விழுந்த பொட்டு

1974-ஆம் ஆண்டு பினாங்கில் நாங்கள் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது, விஞ்ஞானப் பாடத்துக்கென்று பள்ளியில் இருந்த கருவிகள் அனைத்தும் ஓர் அலமாரியின் கீழ்த்தட்டுக்குள் அடங்கிவிடும். அவற்றுள் நாங்கள் எல்லோரும் கண்வைத்திருந்தது, பித்தளை வளையமிட்ட ஒரு பூதக்கண்ணாடியின் மீதுதான். ஆசிரியர் அதை வெளியே எடுத்த நாளில் வகுப்பே திடலுக்கு இறங்கியது.

அதன் வழியாகச் சூரியனைப் பார்த்தால் கண் போய்விடும் என்று எச்சரித்த பிறகே அவர் தொடங்கினார். பத்து மணி வெயில் சாய்வாக விழுந்ததால், கண்ணாடியையும் தாளையும் ஒருசேரச் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் ஒளி வட்டமாகக் குவியாமல் நீண்டு சிதைந்துவிடும். கண்ணாடியை மெல்ல விலக்க விலக்கத் தாளில் கிடந்த வெளிச்சம் சுருங்கிக்கொண்டே வந்து, சுமார் 20 சென்டிமீட்டர் தூரத்தில் கடுகளவாக நின்றது. நாங்கள் அதைப் பொட்டு என்றோம். "வெறும் பொட்டில்லை, அது சூரியனுடைய உருவம்" என்று ஆசிரியர் திருத்தினார். ஒருவரும் நம்பவில்லை.

வெள்ளைத் தாள் லேசில் மசியவில்லை. பென்சிலால் தீட்டிக் கறுப்பாக்கிய இடத்திலோ, சில நொடிகளில் நூலிழைபோலப் புகை எழுந்து ஓட்டை விழுந்தது. அதன் விளிம்பில் செந்தணல் ஊர்ந்தது. 6 சென்டிமீட்டர் அகலக் கண்ணாடியில் விழும் வெயில் 2 மில்லிமீட்டர் பொட்டுக்குள் அடங்கும்போது, பரப்பு 900 மடங்கு சுருங்குகிறது என்பதைப் பிற்காலத்தில் கணக்கிட்டு அறிந்தேன். அன்றோ, கொடிமலைப் பக்கமிருந்து வந்த ஒரு மேகத்துண்டு மறைத்ததும் பொட்டு அணைந்துபோனதே எங்களுக்குப் பெரிய வியப்பு.

என் முறை வந்தபோது, வெள்ளைச் சட்டையின் நுனியில் பொட்டை நிறுத்திப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. அந்தத் துணிச்சலில் நீலக் கால்சட்டைக்கு மாற்றினேன். கருகல் வாடை மூக்கில் ஏறுவதற்குள் தொடையில் சுரீரென்றது. வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும், அடர்நிறம் உறிஞ்சிக்கொள்ளும் என்ற பாடத்தை, அம்மா திட்டிக்கொண்டே தைத்த ஒட்டோடு ஆண்டு முடியும்வரை அணிந்திருந்தேன். (வகுப்புத் தோழர்கள் சிலர் இன்றும் அதைச் சொல்லித்தான் என்னை அடையாளம் காட்டுகிறார்கள்.)

2019 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்த வளையச் சூரிய கிரகணம் பினாங்கில் பகுதியளவே தெரிந்தது. மேகம் சற்று விலகிய நேரத்தில், வாசலில் பேத்தி பிடித்திருந்த அட்டைக்கு அரை மீட்டர் மேலே, படிப்பதற்கு நான் அணியும் மூக்குக்கண்ணாடியைக் காட்டினேன். உளுந்தளவில் பொட்டு விழுந்தது.

"தாத்தா, இது ஏன் கடிச்ச மாதிரி இருக்கு?" என்றாள்.