ஸ்கோர் எழுதுவது விளையாட்டாகாது

உடற்கல்வி வகுப்பில் மாற்றுத்திறனாளி மாணவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஸ்கோர் எழுதும் வேலை, இல்லையேல் மருத்துவச் சான்றிதழைக் காட்டி வகுப்பறையிலேயே இருந்துவிடும் அனுமதி. அக்கறையாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டை ஒதுக்கிவைத்தல் என்றே நான் கருதுகிறேன். 2006இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30ஆவது பிரிவு, மற்றக் குழந்தைகளுக்குச் சமமாக விளையாட்டில் பங்கேற்கும் வாய்ப்பு இவர்களுக்குப் பள்ளியிலும் இருக்க வேண்டும் என்கிறது.

விதிகளைத் தளர்த்தினால் விளையாட்டே கெட்டுவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். சிறுவர்களுக்காகக் கூடைப்பந்து வளையத்தைத் தாழ்த்தும்போது எவருக்கும் அந்த அச்சம் வருவதில்லை. சக்கர நாற்காலி டென்னிஸில் பந்து இருமுறை தரையில் பட்டு எழலாம். ஆட்டத்தின் விறுவிறுப்பு அதனால் குறைந்துவிடவில்லை. அமர்ந்து ஆடும் கைப்பந்தில் ஆண்களுக்கான வலையின் உயரம் 1.15 மீட்டர்தான் என்பதால், உயரத் தாவும் திறமைக்கு அங்கே வேலையில்லை. கையின் வேகமும் தரையில் நகரும் லாகவமும்தான் ஆட்டத்தைத் தீர்மானிக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது கோல்பால். இரண்டாம் உலகப்போரில் பார்வையிழந்த வீரர்களின் மறுவாழ்வுக்காக 1946இல் உருவான இந்த ஆட்டத்தில், ஓரளவு பார்வை உள்ளவர் உட்பட எல்லா ஆட்டக்காரர்களும் கண்ணை மறைத்துக்கொண்டு, பந்துக்குள் இருக்கும் மணியின் ஓசையைக் கேட்டே தடுக்க வேண்டும். பந்து ஓடும்போது பார்வையாளர்கள் மூச்சுக் காட்டக் கூடாது. (வகுப்பை அமைதிப்படுத்தப் படாதபாடு படும் ஆசிரியருக்கு இது கூடுதல் லாபம்.) வகுப்பு முழுவதும் இதை ஆடினால், பார்வையற்ற மாணவர் உதவி பெறுபவராக அல்லாமல் மற்றவர்களுக்குக் கற்றுத்தருபவராக நிற்க முடியும்.

சிறுபான்மைப் பின்னணியிலிருந்து வரும் மாணவர்களை உடையும் நோன்பும் மொழியும் தடுக்கின்றன. தலையை மறைக்கும் துணியை உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு 2014இலும் உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 2017இலும் அனுமதித்துவிட்ட பிறகு, ஒரு பள்ளிச் சீருடை விதி அதைவிடக் கறாராக இருக்கக் காரணமில்லை. நோன்பு மாதத்தில் நெடுந்தூர ஓட்டத் தேர்வைத் தள்ளிவைக்கலாம். ஆனால் மாணவரைக் கேட்காமல் அவரை ஓரமாக உட்காரவைக்கக் கூடாது. பயிற்று மொழி பழகாதவருக்கு வாய்மொழி விளக்கத்தைவிடச் செய்துகாட்டுவது எளிதில் புரியும். தலைவர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அணி பிரிக்கும் வழக்கத்தை இன்றே நிறுத்திவிடலாம். கடைசியாக அழைக்கப்படுபவர் யார் என்பது வகுப்புக்கே முன்கூட்டித் தெரியும்.

மதிப்பெண் முறை மாறாவிட்டால் இவை எதுவும் நிலைக்காது. எல்லோரையும் ஒரே ஓட்ட நேரத்தால் அளக்காமல், பருவத் தொடக்கத்தில் அந்த மாணவர் இருந்த நிலையோடு ஒப்பிட்டு மதிப்பிட வேண்டும்.